கோபம் பிறக்கும் இடமும் விழும் இடமும்

கோபம் வந்தால் கண் மண் தெரியாது என்று சொல்லாத வீடு இல்லை. ஆனால் அதே மனிதர் முதலாளிக்கு எதிரே நிற்கும்போது அவருக்குக் கண்ணும் தெரிகிறது, மண்ணும் தெரிகிறது. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் ஒருவர் இரண்டு வாரம் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்த சேலையை அறுத்துக்கொண்டு போய்க் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கரையில் பழுது என்று கூலியில் ஒரு தொகையைப் பிடித்துவிடுகிறார்கள். அவர் ‘சரிங்க’ என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார். அன்று இரவு குழம்பில் உப்பு குறைந்ததற்குத் தட்டு பறக்கிறது. கோபம் பிறந்தது ஓர் இடத்தில். விழுந்தது வேறோர் இடத்தில்.

கோபத்துக்கு உளவியல் சிகிச்சை என்ன செய்ய முடியும் என்ற கேள்வியை இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே வைத்துப் பார்க்க வேண்டும். கடந்த 50 ஆண்டுகளில் இந்தத் துறையில் ஏராளமான ஆய்வுகள் வந்திருக்கின்றன. எது பலன் தருகிறது, எது தருவதில்லை என்பது ஓரளவு தெளிவாகிவிட்டது. தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஊருக்கு அந்த அறிவு எப்படிப் பொருந்தும் என்பதுதான் இன்னும் பேசப்படாத பகுதி.

நம் நூல்கள் கண்டது

கோபத்தை ஆராய்வது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வெகுளியை வைக்கிறது. அது பிறக்கும் களங்களாக நான்கைச் சொல்கிறது: உடலுறுப்புக்குச் சேதம், குடிக்குக் கேடு, அடித்தும் வைதும் அலைக்கழிப்பது, கொலை. நான்குமே வெளியிலிருந்து ஒருவருக்கு இழைக்கப்படும் தீங்குகள். கோபத்துக்குக் காரணம் உண்டு, அது வெறும் குணக்கேடு அல்ல என்ற புரிதல் இந்த வகைப்பாட்டிலேயே இருக்கிறது.

திருக்குறளின் வெகுளாமை அதிகாரம் மறுமுனையிலிருந்து தொடங்குகிறது. கோபம் எங்கே போய் விழுகிறது என்பதுதான் வள்ளுவர் எடுத்த எடுப்பில் எழுப்பும் கேள்வி. தன் கோபம் பலிக்கும் இடம், பலிக்காத இடம் என்று அவர் இரண்டாகப் பிரிக்கிறார். காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர் என்று மரபு சொல்லும் உரையாசிரியர் பரிமேலழகர், இவற்றை எளியார், வலியார் என்று விளக்குகிறார். வலியவரிடம் கோபத்தைக் காத்தாலும் காக்காவிட்டாலும் அதில் பெருமை ஒன்றும் இல்லை; எளியவரிடம் காப்பதே காப்பு. தட்டு பறக்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் பாடம் இன்றைய சிகிச்சைக் கையேடுகளிலும் இல்லை.

நியாயமான கோபத்துக்கு நாம் எப்போதும் காட்டும் உருவம் கண்ணகி. ஆனால் மணிமேகலையில் வரும் கண்ணகியை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. வஞ்சி நகரில் தெய்வமாக நிற்கும் அவள், சினத்தால் மதுரையை எரித்த வினை தங்களைத் தொடரும் என்று மணிமேகலையிடம் சொல்வதாகக் காப்பிய ஆசிரியர் சாத்தனார் எழுதுகிறார். கோபத்தின் நியாயத்தை அவள் மறுக்கவில்லை. அதன் விளைவைக் கணக்கில் எடுக்கிறாள். அந்தக் காப்பியம் நிறைவடைவது காஞ்சியில்தான். பஞ்சத்தில் வாடும் நகரத்துக்கு மணிமேகலை அமுதசுரபியால் சோறிடுகிறாள்.

காமாட்சியம்மன் கோயிலின் ஐதிகமும் கோபத்தைப் பற்றியதே. உக்கிரமாக இருந்த அம்மனை ஆதிசங்கரர் ஸ்ரீசக்கரம் நிறுவிச் சாந்தப்படுத்தினார் என்பது நம்பிக்கை. உக்கிரத்தை ஊரைவிட்டு விரட்டியதாகக் கதை சொல்லவில்லை. அதற்கு ஓர் ஒழுங்கு அமைத்துக் கொடுத்ததாகவே சொல்கிறது.

இந்த மரபுக்குப் பக்கத்திலேயே, கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்ற பழமொழியும் நம்மிடம் புழங்குகிறது. இந்தச் சலுகை பெரும்பாலும் ஆணுக்குத்தான். அவன் கத்தினால் ரோஷக்காரன். அவள் கத்தினால் அடங்காப்பிடாரி. எனவே பல வீடுகளில் பெண்ணின் கோபம் சத்தமாக வருவதில்லை. பேசாமல் இருப்பது, பாத்திரத்தை ணங்கென்று வைப்பது, சாப்பிடாமல் படுப்பது, தீராத தலைவலி என்று வேறு வழிகளில் வருகிறது. சிகிச்சை பற்றிப் பேசும்போது வெடிக்கும் கோபத்தை மட்டும் பார்த்தால், இந்த ஊமைக் கோபம் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகும்.

உடம்பில் நடப்பது

தனக்கு ஆபத்து, அவமானம் அல்லது அநியாயம் நேர்கிறது என்று மூளை கணித்தவுடன் உடல் சண்டைக்குத் தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, தாடையும் கைகளும் இறுகுகின்றன. இந்த எச்சரிக்கையில் அமிக்டலா என்ற பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. நிதானித்து எடைபோடும் வேலை மூளையின் முன்நெற்றிப் பகுதியுடையது. உடல் கொதிநிலையில் இருக்கும்போது அந்த வேலை பலவீனப்படுகிறது. தூக்கமின்மை, பசி, குடி, ஓயாத வலி ஆகியவை அதை மேலும் பலவீனப்படுத்தும்.

இதயத்துக்கு இதனால் வரும் சேதத்தையும் அளந்திருக்கிறார்கள். 2014-இல் ஐரோப்பிய இதயவியல் இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, கடுங்கோபத்துக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுவதாகச் சொன்னது. ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு தடவைக் கோபத்தால் வரும் அபாயம் சிறியதுதான். ஏற்கெனவே ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர் தினமும் வெடித்துக்கொண்டிருந்தால் கணக்கு வேறு. 2024-இல் அமெரிக்காவில் 280 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையில், கோபமூட்டிய பழைய நிகழ்வை எட்டு நிமிடம் நினைவுகூர்ந்ததிலேயே ரத்தக் குழாய்களின் விரியும் திறன் குறைந்தது. அந்தக் குறைவு சுமார் 40 நிமிடம் வரை நீடித்தது. எதிரே யாரும் இல்லாமல், வெறுமனே நினைத்துப் பார்த்ததற்கே இந்த விளைவு. கோபத்தை மனதில் போட்டு உருட்டிக்கொண்டே இருப்பது ஏன் கெடுதல் என்பதற்கு இது நல்ல சான்று.

சிகிச்சை வந்த வழி

1955 வாக்கில் அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் ஓர் எளிய கருத்தை முன்வைத்தார். நிகழ்வு நேரடியாகக் கோபத்தை உண்டாக்குவதில்லை. நடுவே ஒரு நம்பிக்கை இருக்கிறது. ‘நான் சொன்னால் இந்த வீட்டில் கேட்டே ஆக வேண்டும்’ என்பது அப்படிப்பட்ட நம்பிக்கை. கேட்டால் நல்லது என்ற விருப்பம், கேட்டே தீர வேண்டும் என்ற கட்டளையாக மாறும்போது எரிச்சல் ஆத்திரமாகிறது. 1960-களில் ஆரன் பெக் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதே தடத்தில் வளர்ந்தது. பெக் 1999-இல் எழுதிய ஒரு நூலில், தம்பதியர் சண்டை முதல் இனக்கலவரம் வரை ஒரே வகைச் சிந்தனைப் பிழைகள் செயல்படுவதைக் காட்டினார். எதிராளி வேண்டுமென்றே செய்தார் என்று முடிவுகட்டுவதும், அவரை ஒட்டுமொத்தமாகக் கெட்டவராக்குவதும் அவற்றில் முக்கியமானவை.

கோபத்துக்கென்றே தனி முறையை வகுத்தவர் ரேமண்ட் நோவாகோ. 1975-இல் வெளியான அவருடைய நூல்தான் இன்றைய கோப மேலாண்மைப் பயிற்சிகளின் வேர். முதலில் தன் கோபத்தைப் புரிந்துகொள்வது, பிறகு உடலையும் எண்ணத்தையும் தணிக்கும் திறன்களைக் கற்பது, கடைசியில் கோபமூட்டும் சூழ்நிலையைச் சிறிது சிறிதாக எதிர்கொண்டு பழகுவது என்று மூன்று கட்டங்களை அவர் வைத்தார். கோபமே வராமல் செய்வது அவர் நோக்கமல்ல. வந்த கோபத்தை வேலைக்கு உதவும் அளவில் வைத்திருப்பதே நோக்கம். இந்தத் திட்டத்தைக் காவல்துறையினருக்கும் அவர் பயிற்றுவித்தார். தொழிலே கோபமூட்டுவதாக இருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்பது அப்போதே தெரிந்தது.

பின்னர் வேறு வழிகளும் சேர்ந்தன. உணர்ச்சி கட்டுக்கடங்காமல் போகிறவர்களுக்காக மார்ஷா லினெஹன் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சை, கவனத்தை மூச்சிலும் உடலிலும் நிறுத்தும் தியானப் பயிற்சிகள், சிறுவயதுக் காயங்களைத் தேடிப் போகும் உளப்பகுப்பாய்வு வழி, தம்பதியரைச் சேர்த்து உட்காரவைக்கும் குடும்பச் சிகிச்சை ஆகியவை அவற்றில் சில. கோபத்தில் அதிகம் ஆராயப்பட்டது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான்.

ஆலோசனை அறையில்

அமெரிக்க அரசின் மனநலச் சேவை நிறுவனம் 2002-இல் வெளியிட்ட குழுச் சிகிச்சைக் கையேடு 12 வாரப் பாடத்திட்டம் கொண்டது. உலகின் பல இடங்களில் அந்த அமைப்பைத்தான் பின்பற்றுகிறார்கள். அதை நம் நெசவாளருக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

முதல் வேலை குறிப்பேடு. கோபம் வந்த ஒவ்வொரு முறையும் அதை எழுத வேண்டும். ஒரு நாளின் பதிவு இப்படி இருக்கலாம். மணி: இரவு எட்டரை. நடந்தது: மகன் செல்போனைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். மனதில் ஓடியது: ‘இவனும் என்னை மதிக்கலை’. உடம்பு: தாடை இறுகிற்று, காது சூடாயிற்று. அளவு: பத்துக்கு எட்டு. செய்தது: போனைப் பிடுங்கி எறிந்தேன். பிறகு: போன் உடைந்தது, பையன் இரண்டு நாள் பேசவில்லை.

ஆலோசகர் அந்தப் பதிவில் மூன்று இடங்களைத் தொடுவார். ‘இவனும்’ என்றால் இதற்கு முன் மதிக்காமல் போனவர் யார் என்று கேட்பார். மாலையில் பழுது சொல்லிப் பிடித்தம் செய்த கதை அப்போதுதான் வெளியே வரும். தாடை இறுகியது எத்தனை நிமிடம் முன்னதாகத் தெரிந்தது என்று கேட்பார். எட்டில் நிறுத்துவது கடினம், நான்கில் நிறுத்துவது எளிது என்பது அதிலிருந்து புரியும். போனை எறிந்ததால் கேட்டது கிடைத்ததா என்று கேட்பார். மகனின் மரியாதைதான் வேண்டும் என்றால், அது அன்று குறைந்ததே தவிரக் கூடவில்லை.

அடுத்து உடலைத் தணிக்கும் பயிற்சி. மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெதுவாக வெளியே விடுவது. தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துவது. இரண்டையும் கோபம் வராத நேரத்தில் தினமும் பழகி வைத்தால்தான் கோபத்தின்போது கைகொடுக்கும். பிறகு இடைவேளை எடுப்பது. அளவு ஏறுகிறது என்று தெரிந்ததும், ‘எனக்குக் கொஞ்ச நேரம் வேணும், வந்து பேசறேன்’ என்று சொல்லி விலகி, சொன்னபடி திரும்பி வருவது. சொல்லாமல் போனாலோ திரும்பி வந்து பேசாவிட்டாலோ அது இடைவேளை ஆகாது. எதிராளிக்கு அது தண்டனையாகவே படும்.

இங்கேதான் காஞ்சிபுரத்து வீட்டின் அமைப்பு குறுக்கே வருகிறது. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கு இரண்டு என்று மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். குழியில் உட்கார்ந்திருப்பவர் மிதித்து நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளித் தர வேண்டும். பல வீடுகளில் அவர் மனைவி. ஓர் இழை தவறினாலும் கரையும் உடலும் சேரும் இடத்தில் பழுது தெரியும். அதாவது நாள் முழுவதும் ஒருவர் தவறுக்கு மற்றவர் பொறுப்பாகும் வேலையைக் கணவனும் மனைவியும் ஒரு முழ இடைவெளியில் உட்கார்ந்து செய்கிறார்கள். வேலையிடத்துச் சண்டையை வேலையிடத்தில் விட்டுவிட்டு வா என்ற அறிவுரை இங்கே செல்லாது. இடைவேளை எடுக்க ஆணுக்குத் திண்ணை உண்டு, டீக்கடை உண்டு, கோயில் குளக்கரை உண்டு. இரவு பத்து மணிக்கு மனைவி எங்கே போவாள்? எனவே இங்கே பயிற்சி தருபவர் முதலில் வீட்டின் வரைபடத்தைக் கேட்டறிய வேண்டும். யார் எங்கே விலகுவது, எத்தனை நிமிடம், எந்த இடம் கூடாது என்பதை இருவரும் சேர்ந்து முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். கூடாத இடங்களின் பட்டியலில் டாஸ்மாக் முதலில் வரும்.

கடைசித் திறன் பேசிப் பழகுவது. அடங்கிப் போவதற்கும் பாய்வதற்கும் நடுவே, கேட்க வேண்டியதைக் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. ஆலோசகர் முதலாளி வேடத்தில் உட்கார, நெசவாளர் சொல்லிப் பார்ப்பார்: “முதலாளி, பழுது எந்த இடத்துலன்னு காட்டுங்க. பிடித்தம் எவ்வளவுன்னு சீட்டுல எழுதிக் குடுங்க.” முதல் தடவை குரல் நடுங்கும் அல்லது ஏறும். பல தடவை சொன்ன பிறகு சாதாரணமாக வரும். கோபம் பிறந்த இடத்திலேயே அதைப் பேச்சாக மாற்றும் முயற்சி இதுதான்.

கொட்டித் தீர்த்தால் தீருமா?

மனதில் வைத்துக்கொள்ளாதே, கத்திவிடு, தலையணையைக் குத்து என்று சொல்வது நம் ஊரிலும் உண்டு. மேலை நாடுகளில் காசு வாங்கிக்கொண்டு பொருள்களை உடைக்க விடும் அறைகளே இருக்கின்றன. ஆய்வு இதற்கு ஆதரவாக இல்லை. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட சோதனையில், கோபமூட்டப்பட்ட மாணவர்களில் ஒரு பிரிவினர் கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினர். சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அவர்களுக்கே கோபமும் தாக்கும் குணமும் அதிகமாக இருந்தன. 2024-இல் அவரும் சோஃபி கியார்விக்கும் 154 ஆய்வுகளை, அவற்றில் பங்கேற்ற 10,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தனர். மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு, தியானம், யோகா போன்று உடலின் கொதிப்பைக் குறைப்பவை கோபத்தையும் குறைத்தன. கொதிப்பை ஏற்றுபவை மொத்தத்தில் பலன் தரவில்லை. மெல்லோட்டம்கூடக் கோபத்தைப் பொறுத்தவரை உதவவில்லை. அதனால் ஓட்டம் உடம்புக்குக் கெடுதல் என்று ஆகிவிடாது. கொதிக்கும் நேரத்துக்கு அது மருந்தல்ல, அவ்வளவுதான்.

சிகிச்சையின் மொத்தப் பலன் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது ரிச்சர்ட் பெக்கும் எஃப்ரெம் ஃபெர்னாண்டஸும் 1998-இல் செய்த தொகுப்பாய்வு. 50 ஆய்வுகள், 1,640 பேர். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களில் சராசரியானவர், சிகிச்சை பெறாதவர்களில் 76 சதவீதத்தினரைவிட நல்ல நிலையில் இருந்தார். மனநலச் சிகிச்சையில் இது மதிக்கத்தக்க பலன். ஆனால் இத்தகைய ஆய்வுகளில் பெரும் பகுதி மேலை நாடுகளில் நடந்தவை; அவற்றில் பல கல்லூரி மாணவர்களிடம் நடந்தவை. தானாக விரும்பி வந்தவருக்கும் நீதிமன்றம் அனுப்பி வந்தவருக்கும் பலன் ஒன்றாக இருப்பதில்லை. தறியில் உட்கார்ந்து கூலிக்கு நெய்பவரிடம் இந்த எண்ணிக்கையை அப்படியே எதிர்பார்க்க முடியாது.

கோபத்துக்குப் பின்னால் வேறொன்று

சில நேரம் கோபம் வேறு நோயின் வாசல். மனச்சோர்வு என்றால் அழுகையும் முடங்கிக் கிடப்பதும்தான் என்று நினைக்கிறோம். ஆண்கள் பலரிடம் அது சிடுசிடுப்பாகவும் திடீர் வெடிப்பாகவும் வரும். குடிநோய், இருமுனைக் கோளாறு, விபத்து அல்லது வன்முறைக்குப் பிந்தைய மன அழுத்தம், தைராய்டு மிகை, முதியவர்களில் மறதி நோய் ஆகியவையும் கோபமாகத் தலைகாட்டலாம். காரணத்துக்குப் பொருந்தாத அளவில் மீண்டும் மீண்டும் வெடிப்பதைத் தனிக் கோளாறாகவே மனநல மருத்துவ வகைப்பாடுகள் ஏற்கின்றன. கோபத்துக்கென்று தனி மாத்திரை இல்லை. அடியில் உள்ள நோய்க்கு மருந்து உண்டு. அது சரியானால் கோபமும் தணியும். எனவே திடீரென்று குணம் மாறிவிட்டார் என்று வீட்டார் சொன்னால் முதலில் மருத்துவப் பரிசோதனை, பிறகுதான் பயிற்சி.

கை நீட்டுவது கோபமா?

இந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டுக் கோபச் சிகிச்சையைப் பற்றி எழுதக் கூடாது. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இது இந்திய சராசரியைவிட அதிகம்.

1981-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் துலூத் என்ற நகரில் உருவான திட்டம், மனைவியை அடிப்பதைக் கோபப் பிரச்சினையாகப் பார்ப்பதையே எதிர்த்தது. அது அதிகாரத்தையும் கட்டுப்பாட்டையும் நிலைநாட்டும் வழி என்றது. கட்டுரையின் தொடக்கத்தில் வந்தவரை நினைத்துப் பாருங்கள். முதலாளியிடம் அவரால் கோபத்தைக் காக்க முடிந்தது. காக்கும் திறன் அவரிடம் இல்லாமல் இல்லை. வீட்டில் காக்க வேண்டியதில்லை என்ற அனுமதியும் அவரிடம் இருக்கிறது. மூச்சுப் பயிற்சி அந்த அனுமதியைத் தொடாது. துலூத் வழியின் பலன் பற்றியும் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனாலும் அது எழுப்பிய கேள்வி சரியானது. அடிப்பவருக்குச் சிகிச்சை தேவைப்படலாம். அடிபடுபவருக்கு முதலில் பாதுகாப்பு வேண்டும். அவர் சிகிச்சைக்குப் போகிறாரே, பொறுத்துக்கொள்ளம்மா என்று சொல்வது ஆபத்து. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் 181 என்ற மகளிர் உதவி எண்ணும் அதற்காகவே இருக்கின்றன.

நியாயமான கோபத்தை என்ன செய்வது?

சிகிச்சையின் மீது வைக்கப்படும் இன்னொரு குற்றச்சாட்டு, அது அநியாயத்தைத் தாங்கப் பழக்குகிறது என்பது. பட்டு நூல் விலை ஏறுகிறது, சரிகை விலை ஏறுகிறது, கூலி அதே வேகத்தில் ஏறுவதில்லை. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழியாதவரை வேறு இடத்துக்கு நெய்யவும் போக முடியாது. விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் கைத்தறி என்று விற்கிறார்கள். கைத்தறிக்கு ரகங்களை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் இது நடக்கிறது. இத்தனைக்கும் கோபப்படாதவர்தான் சிகிச்சைக்குரியவர் என்று ஒருவர் சொன்னால் மறுக்க முடியாது.

கோபம் கூட்டாகச் சேர்ந்து பயன்பட்ட வரலாறு தமிழகத்தில் உண்டு. 1429-இல் காவிரிப் பகுதியில் வலங்கை, இடங்கை என்ற சாதித் தொகுதியினர் தங்களுக்குள் இருந்த பகையைத் தள்ளிவைத்துவிட்டு, விசயநகர ஆட்சிக்கால அதிகாரிகளின் வரிக்கொடுமைக்கு எதிராக ஒன்றுகூடி, எவ்வளவு கொடுப்பது என்று தாங்களே முடிவு செய்து கல்லில் வெட்டினார்கள். ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபுரு கராஷிமா இந்தக் கல்வெட்டுகளை விரிவாக ஆராய்ந்தார். ஆத்திரம் கணக்காகவும் தீர்மானமாகவும் மாறிய இடம் அது. பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் பின்னால் இருப்பதும் அதே மாற்றம்தான்.

கூட்டுக் கோபம் எப்போதும் அப்படி மாறிவிடுவதில்லை. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் ஓதும் உரிமை பற்றி வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் இடையிலான வழக்கு பிரிட்டிஷ் காலம் முதல் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கிறது. தீர்ப்புகள் வந்த பிறகும் வாக்குவாதமும் தள்ளுமுள்ளும் நின்றபாடில்லை. யாருக்கு உரிமை என்று நீதிமன்றம் சொல்லலாம்; தலைமுறையாகக் கைமாறி வரும் மனக்கசப்பை அது தொடுவதில்லை. தனிமனிதச் சிகிச்சைக்கும் அது எட்டாத இடம்.

எனவே நல்ல சிகிச்சையாளர் கோபத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க உதவுவார். கூலியைப் பற்றிய கோபம் சங்கத்துக்கும் பேச்சுவார்த்தைக்கும் போக வேண்டியது. அதைத் தணிப்பது அவர் வேலையல்ல. உப்பைப் பற்றிய கோபம் உண்மையில் உப்பைப் பற்றியதல்ல. அதை அவிழ்ப்பது அவர் வேலை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்ற பழமொழி சொல்வதும் இதைத்தான். வீட்டில் கோபத்தைச் செலவழித்துவிட்டு வருகிறவருக்குச் சங்கக் கூட்டத்தில் பேசத் தெம்பு இருக்காது. தணிந்து பேசத் தெரிந்தவருக்கு இரண்டு இடத்திலும் வலு கூடும்.

எங்கே போவது?

நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பெரியவர்களில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை; நோய்க்கேற்ப இந்த இடைவெளி 70 முதல் 92 சதவீதம். இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. கோபத்துக்காக மட்டும் ஒருவர் மருத்துவரைத் தேடிப் போவது அரிதிலும் அரிது. பெரும்பாலும் மனைவியோ தாயோ கோயிலுக்கு வேண்டிக்கொள்வதோடு நின்றுவிடுகிறது.

வழிகள் இல்லாமல் இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் அரசு மருத்துவமனைகள் வழியாக இயங்குகிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழ்நாட்டில் அது ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் தமிழிலேயே பேசுகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது.

ஆனால் சேலைக்குக் கூலி வாங்குபவருக்கு 12 வாரச் சிகிச்சை என்றால் 12 அரை நாள் தறி நிற்கிறது. அந்த இழப்பைக் கணக்கில் எடுக்காத திட்டம் காகிதத்தில்தான் இருக்கும். இதற்கு ஒரு வழியைக் கோவா காட்டியிருக்கிறது. விக்ரம் படேல் குழுவினர் அங்கே மருத்துவரல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் அளவுமீறிக் குடிக்கும் ஆண்களுக்கும் சில அமர்வுகள் கொண்ட ஆலோசனை தர வைத்தனர். 2017-இல் லான்செட் இதழில் வந்த முடிவுகள் இரண்டிலும் பலன் இருப்பதைக் காட்டின. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வருகிறார்கள். அழுத்தம் பார்க்கும் கையோடு தூக்கத்தையும் குடியையும் கோபத்தையும் பற்றி இரண்டு கேள்வி கேட்கவும், தேவைப்பட்டால் 14416-க்கு இணைக்கவும் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். கூட்டுறவுச் சங்கங்கள் நெசவாளர்கள் சேலை கொடுக்க வரும் நாளிலேயே தங்கள் கட்டடத்தில் குழு அமர்வு நடத்த இடம் தரலாம். அப்போது தனியாக ஒரு நாள் தறியை நிறுத்த வேண்டியதில்லை. மனைவியருக்குத் தனி அமர்வு வேண்டும். கணவர் எதிரே இருக்கும்போது வன்முறையைப் பற்றிப் பேச முடியாது.

சிகிச்சை கோபத்தை அழித்துவிடும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. அழிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. உடல் கொதிக்கத் தொடங்குவதை முன்கூட்டியே கண்டுகொள்ளவும், நடுவே நிற்கும் எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கவும், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லவும் அது கற்றுத் தருகிறது. இவை கற்றுக்கொள்ளக்கூடிய திறன்கள் என்பதில் இன்று ஐயமில்லை. அவற்றைக் கற்கும் வாய்ப்பு நெசவாளர் தெருவுக்கு வந்து சேர்வது அரசும் சங்கங்களும் செய்ய வேண்டிய வேலை. கோபம் தன் சொந்தக் காரணத்தைத் தேடிப் போகப் பழகினால், கூலிக்கான பேச்சில் சத்தம் கூடலாம்; வீட்டுக்குள் குறையும்.